நூறாண்டு நிறம்: உறைமேல் அச்சான ஒரு கணக்கு

வீட்டு அச்சுப்பொறியில் படம் அச்சிடுவோருக்கென விற்கப்படும் ஒளிப்படத் தாள்கள் சிலவற்றின் உறையில், ‘நூறு ஆண்டுகள் நிறம் மங்காது’ என்பது போன்ற உறுதிமொழிகளைக் காண்கிறோம். இங்க்ஜெட் அச்சுப்பொறி வீடுகளுக்கு வந்து ஒரு தலைமுறைக் காலமே ஆகிறது. அப்படியிருக்க, இந்த நூறு எங்கிருந்து வந்தது?

வழி எளியது. அச்சிட்ட படத்தைக் கடுமையான விளக்கொளியில் வைக்கிறார்கள். நிறம் குறிப்பிட்ட அளவு குறையும்வரை படம் பெற்ற மொத்த ஒளியைக் கணக்கிடுகிறார்கள். அதை, ஒரு வீட்டில் ஓராண்டில் படத்தின்மீது விழக்கூடிய ஒளியால் வகுக்கிறார்கள். கிடைக்கும் ஈவுதான் உறையில் காணும் ஆண்டு. சோதனை மெய்யானது, வகுக்கும் எண்தான் அனுமானம்.

இந்த அனுமானம் எவ்வளவு மாறும் என்பதற்குச் சான்று உண்டு. இத்துறையில் புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி வில்ஹெல்ம், வீட்டு வெளிச்சத்தை 450 லக்ஸ் என்று கொண்டார். நூறாண்டுக்கு மேல் நிலைக்கும் என்று தன் தாளை விளம்பரப்படுத்திய கோடக் நிறுவனம் 120 லக்ஸ் என்று கொண்டது. சாதாரண வீடுகளில் வெளிச்சம் அவ்வளவே என்பது அதன் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் மற்றவை யாவும் ஒன்றாக இருப்பின், 120 லக்ஸில் 100 ஆண்டு நிற்கும் படம் 450 லக்ஸில் ஏறத்தாழ 27 ஆண்டே நிற்கும். தாள் மாறவில்லை, மை மாறவில்லை. கணக்கு மட்டுமே மாறிற்று!

இன்னொரு குறையும் உண்டு. நிறத்துக்குப் பகை ஒளி மட்டுமன்று. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் புதிய ஒளிப்பட அச்சுப்பொறிகளில் எடுத்த படங்கள் சில, வெகு விரைவிலேயே ஆரஞ்சு நிறமாயின. காற்றிலுள்ள ஓசோன் நீலப்பச்சைச் சாயத்தைச் சிதைத்ததே காரணம். ஒளியை மட்டும் கொண்டு நடத்திய சோதனை இதை முன்கூட்டிக் காட்டவில்லை.

இதில் தாளுக்கும் பங்குண்டு. ஒருவகைத் தாளின் மேற்பூச்சில் சிலிக்கா போன்றவற்றின் நுண்துகள்களும், அவற்றிடையே நுண்துளைகளும் இருக்கும். மை உடனே உலர்ந்துவிடும். ஆனால் அதே துளைகளின் வழியே காற்றும் நுழையும். மற்றொரு வகையில் ஜெலட்டின் போன்ற பூச்சு மையில் ஊறி உப்பி, சாயத்தைத் தன்னுள் மூடிக்கொள்ளும். ஓசோனிலிருந்து நல்ல காப்பு; ஆனால் மெதுவாக உலரும், ஈரம் பட்டால் கெடும். மையும் முக்கியம். கரைந்த சாயத்தைவிடத் துகள் வடிவ நிறமி உறுதியானது. துகளின் வெளிப்புறம் சிதைந்தாலும் உட்புறம் தப்பும்.

ஆகவே ‘மங்காத தாள்’ என்று தனியே ஒன்று இல்லை. தாள், மை, ஒளி, காற்று ஆகிய நான்கும் சேர்ந்தே படத்தின் ஆயுளை முடிவு செய்கின்றன. உறையில் ஆண்டைக் குறிப்பது குற்றமன்று. எந்த மை, எத்தனை லக்ஸ், கண்ணாடியுடனா இன்றியா என்பதைக் குறிக்காமல் விடுவதே குற்றம். அந்த எண்ணை நம்பி மூலக் கோப்பை அழித்துவிடும் குடும்பம், திருமணப் படத்தையே இழக்க நேரும்.

மாணவர்கள் தாமே சோதிக்கலாம். ஒரே படத்தை இருமுறை அச்சிட்டு, ஒன்றை மூடிய ஆல்பத்திலும் மற்றொன்றைச் சன்னலோரத்திலும் ஆறு மாதம் வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்கு உரிய விடை அதில் கிடைக்கும்.