மௌனத்தின் மறுபக்கம்: ஒரு வாசிப்பு

தில்லிக்கு வந்த நம்மவர்களில் பலருக்கு முதல் வீட்டுக்காரர் ஒரு பஞ்சாபியாகத்தான் இருந்திருப்பார். லாஜ்பத் நகரில் எங்கள் வீட்டுக்கார அம்மாளை எல்லாரும் 'பீஜி' என்போம். லாகூரின் அனார்கலி கடைத்தெருவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். "எப்படி இங்கே வந்து சேர்ந்தீங்க?" என்று கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். ஊர்வசி புட்டாலியாவின் 'தி அதர் சைட் ஆஃப் சைலன்ஸ்' (1998) நூலைப் படித்தபோதுதான் அந்த மௌனம் எனக்கு ஓரளவு விளங்கியது.

1984இல் தில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது ஆசிரியர் நிவாரணப் பணிக்குப் போனார். அங்கே முதியவர்கள், இது பிரிவினைக் காலம் போலவே இருக்கிறது என்றார்களாம். பாடப் புத்தகத்தில் முடிந்துபோன 1947, அவர் வீட்டிலேயே முடியாமல்தான் இருந்தது. தாய்மாமன் மதம் மாறி லாகூரிலேயே தங்கிவிட்டவர். பாட்டியும் அவரோடு அங்கேயே இருந்துவிட்டார். தன் குடும்பத்திலிருந்து தொடங்குவதால், பிறர் துயரத்தை வேடிக்கை பார்க்கும் தொனி நூலில் எங்கும் இல்லை.

இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 75,000 பெண்கள் கடத்தப்பட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களை மீட்க 1949இல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. கடத்தப்பட்டவர் யார் என்று அது சொல்வதைப் பாருங்கள்: ஆண் என்றால் 16 வயதுக்கு உட்பட்ட சிறுவன், பெண் என்றால் எந்த வயதினளும்! நாற்பது வயதுப் பெண்ணும் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான். "நான் போகமாட்டேன்" என்று அவள் சொன்னாலும் எடுபடவில்லை. கொடுமை செய்தவனும் அவளைக் கேட்கவில்லை, காப்பாற்ற வந்த அரசும் கேட்கவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது தோவா கால்சா பகுதி. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்து அந்த ஊரில் சுமார் 90 பெண்கள் கிணற்றில் குதித்தார்கள். தியாகம் என்று சமூகம் அதைப் போற்றுகிறது. அத்தனை பேரும் விரும்பித்தான் குதித்தார்களா என்று கேட்கிறார் ஆசிரியர். தீப்பாய்ந்த அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். அவள் விரும்பித்தான் பாய்ந்தாளா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. நூல் பஞ்சாபோடு நின்றுவிடுகிறது. ஆசிரியரே இதை ஒப்புக்கொள்கிறார் என்றாலும், கொல்கத்தாவில் வாழும் நம்மவர்கள் படித்தால் வங்காளத்தின் கதை எங்கே என்றுதான் கேட்பார்கள். இன்னொன்று: மௌனம் எல்லாம் உடைக்கப்பட வேண்டியதுதானா? இந்தத் தயக்கம் ஆசிரியருக்கும் உண்டு. ஆனால் அதற்கு விடை சொல்லாமலே நகர்ந்துவிடுகிறார். அதைக் குறை என்பதா, நேர்மை என்பதா, எனக்கு முடிவுக்கு வர இயலவில்லை.

படித்த பிறகு பீஜியிடம் நான் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அவர் எதையும் மறந்துவிடவில்லை என்று தெரிந்துகொண்டதே போதுமானதாக இருந்தது. நம் வீட்டுப் பாட்டிமார் வடக்கே வந்த கதையையும், அவர்களாகச் சொல்ல வரும்போதாவது, நாம் உட்கார்ந்து கேட்போமே.