சின்னமலை போட்ட கணக்கு

பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியோ யூடியூப் வீடியோவோ, தீரன் சின்னமலை கதையில் முதல் காட்சி மாறுவதே இல்லை. மைசூருக்குப் போகிற வரிப்பணத்தை வழிமறித்துப் பிடுங்குகிறார். கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவிலிருக்கும் சின்னமலை வாங்கிக்கொண்டான் என்று சொல்லச் சொல்கிறார். கைதட்டல். அடுத்த காட்சியில் அதே மைசூருக்காக, திப்புவின் பக்கம் நின்று கும்பெனியோடு சண்டை. மறுபடியும் கைதட்டல்.

சரி, நடுவில் என்ன நடந்தது? இந்தக் கதைகள் மேல் என் குறையே இதுதான். வீரத்தைச் சொல்கிறார்கள், கணக்கைச் சொல்வதில்லை.

வரைபடத்தைப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் பிடிபடும். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் சேலம், நாமக்கல், சங்ககிரிப் பக்கமெல்லாம் கும்பெனிக்குப் போய்விட்டது. காவிரிக்கு மேற்கே கோயம்புத்தூர்ச் சீமை 1799 வரை திப்புவிடம். ஏழு வருஷம் இங்கே ஆறுதான் எல்லை. ஆட்டையாம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் கலெக்டர் அலெக்சாண்டர் ரீடின் ஆட்களிடம் வரி கட்டினார். ஓடாநிலைப் பக்கத்துக்காரர் திப்புவின் ஆட்களிடம் கட்டினார். அக்கரையில் கும்பெனி வந்து உட்கார்ந்த பிறகு, நேற்றைய வரிக்காரன் இன்றைக்கு மதில்சுவர். பிடிக்கிறதோ இல்லையோ, அதில்தான் சாய்ந்தாக வேண்டும்.

திப்புவும் ஒரு சுவரைத் தேடினார். 1787-இல் பிரான்சுக்குத் தூது அனுப்பினார். பதினாறாம் லூயி மரியாதை செய்தார், படை அனுப்பவில்லை. 1799 மே 4-இல் திப்பு விழுந்தார். 1805-இல் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்.

அன்றைக்கு மற்றவர்களை இப்படி நெருக்கிய பிரிட்டன், இன்றைக்கு இரண்டு மலைக்கு நடுவில் நிற்கிறது. 1956-இல் பிரான்சோடு சேர்ந்து சூயஸில் இறங்கியது. அமெரிக்கா பவுண்டின் கழுத்தைப் பிடித்ததும் பின்வாங்கியது. ஐரோப்பியச் சந்தைக்குள் வரக் கேட்டபோது 1963-இலும் 1967-இலும் தெகோல் கதவைச் சாத்தினார். 1973-இல் உள்ளே, 2020-இல் வெளியே. 2025 மே 8-இல் டிரம்ப்போடு வர்த்தக ஒப்பந்த அறிவிப்பு. அதே மாதம் 19-இல் லண்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு உச்சி மாநாடு.

இதை ராஜதந்திரம் என்கிறோம். நம்ம ஊர்க்காரன் செய்தால் மட்டும் வீரம், இல்லாவிட்டால் துரோகம். மூன்றாவதாக ஒரு சொல் நம்மிடம் இல்லை. சின்னமலையைச் சிலையாக்கியதில் அவர் யோசித்த ராத்திரிகளைப் பறித்துவிட்டோம். கணக்குத் தப்பினால் லண்டனில் ஒரு பிரதமர் பதவி போகும். இங்கே கழுத்தில் கயிறு விழுந்தது. அது தெரிந்தே ஒருவர் பக்கம் தேர்ந்தார் என்றால், அந்தத் தேர்வு கத்திச்சண்டையைவிடப் பெரிய காட்சி.

ஆடி பதினெட்டுக்குச் சங்ககிரியில் மாலை விழட்டும், தப்பில்லை. எழுதுகிறவர்கள் அந்த நடுக் காட்சியையும் எழுதுங்கள். பழைய பகையாளியிடம் உதவியாகப் போய் நிற்கும்போது ஒருவர் முதல் வார்த்தை என்ன பேசியிருப்பார்?