இருமொழியாளரும் உளவியல் சோதனைகளும்: முறையியல் நோக்கில் ஒரு மதிப்பீடு

இருமொழி பேசுவோரின் அறிவுத்திறன் பற்றி உளவியலார் முரண்பட்ட முடிவுகளைக் கூறிவந்துள்ளனர். 1923-இல் வேல்சுப் பள்ளிகளில் ஆய்ந்த சேர், நாட்டுப்புற இருமொழிச் சிறார் ஒருமொழிச் சிறாரினும் பின்தங்கியவர் என்றார். 1962-இல் மாண்ட்ரியலில் ஆய்ந்த பீல், லாம்பர்ட் இருவரும் இதற்கு நேர்மாறான முடிவை வெளியிட்டனர். இடைப்பட்ட காலத்தில் மாறியது சிறாரின் அறிவன்று, ஆய்வுமுறையே. குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையைச் சமன்செய்து ஒப்பிட்டதும் முடிவு தலைகீழாயிற்று. எனினும் இரு மொழியிலும் நிகரான தேர்ச்சி பெற்றோரை மட்டும் தேர்ந்தமையால், இயல்பிலேயே திறன் மிக்க சிறாரே அக்குழுவில் சேர்ந்திருக்கலாம் என்னும் ஐயம் எழுகின்றது. ஒடிசாவின் கோண்ட் மக்களிடையே அஜித் மொகந்தி மேற்கொண்ட ஆய்வு இவ்வகையில் மேம்பட்டது. ஒரே இனத்தாருள் குயி, ஒடியா இரண்டும் பேசுவோரையும் ஒடியா மட்டுமே பேசுவோரையும் அவர் ஒப்பிட்டார்.

அண்மைக் காலத்தில் பெரிதும் எடுத்தாளப்படுவது சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஐதராபாத் ஆய்வு. டிமென்ஷியா என்னும் மறதிநோய் கண்ட 648 நோயாளருள் 391 பேர் இருமொழியாளர்; அவர்களுக்கு நோய் சராசரியாக 4.5 ஆண்டு தாமதித்துத் தோன்றியதாக அவ்வாய்வு கூறுகின்றது. கனடாவில் நிகழ்ந்த முந்தைய ஆய்வுகளில் இருமொழியாளர் பலர் குடியேறியவர். ஆதலால் விளைவு மொழியினாலா, இடப்பெயர்வினாலா எனப் பிரித்தறிய இயலவில்லை. ஐதராபாத்தில் அச்சிக்கல் இல்லை. எழுத்தறிவற்றோரிடமும் வேறுபாடு காணப்பட்டமையால் கல்வியே காரணம் என்றும் தள்ளிவிட முடியாது. இவ்விரண்டும் இவ்வாய்வின் வலிமைகள்.

எனினும் மொழியியலார் கேட்க வேண்டிய வினா ஒன்று எஞ்சுகின்றது. எஞ்சிய 257 ஒருமொழியாளர் யாவர்? தெலுங்கும் உருதும் இந்தியும் கடைத்தெருவிலேயே கலந்தொலிக்கும் நகரில் ஒருமொழியாளராக வாழ்வது எளிதன்று. அது வாழ்க்கைமுறையின் விளைவாகவும் இருக்கலாம். கல்வி, பால், தொழில், நகர்ப்புற நாட்டுப்புற வேறுபாடு ஆகியவற்றை ஆய்வாளர் கணக்கில் கொண்டனர் என்பது உண்மையே. ஆனால் ஒருவர் எத்தனை பேருடன் பழகினார் என்பது இப்பட்டியலில் அடங்குவதில்லை. நோய் தொடங்கிய வயதும் உறவினரின் நினைவைப் பெரிதும் சார்ந்தது. நலமாயிருப்போரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளை 2017-இல் தொகுத்து நோக்கிய முகாதம் குழுவினர், இருமொழியம் மறதிநோயைத் தடுப்பதாகக் காணவில்லை. தடுத்தல் வேறு, தாமதப்படுத்தல் வேறு என்பதையும் இங்கு மறத்தலாகாது.

இனி, மொழிபெயர்ப்பாளரை நேரடியாகத் தொடும் செய்தி. இலக்கத் தொடரைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் நினைவுச் சோதனை, மொழிச் சார்பற்றது போலத் தோன்றும். 1980-இல் எல்லிசும் ஹென்னலியும் இதனை மறுத்தனர். வேல்சு மொழி எண்ணுப்பெயர்களை ஒலிக்க மிகுதியான நேரம் பிடிப்பதால், அம்மொழியில் சோதிக்கப்படுவோரின் மதிப்பெண் குறையும் என அவர்கள் காட்டினர்.

சூளூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். 2022 வரை நெல்லூர் மாவட்டத்திலும் பின்னர்த் திருப்பதி மாவட்டத்திலும் அமைந்த இவ்வெல்லையூரில், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் சிறார் உளர். அவர்களிடம் இச்சோதனையை எம்மொழியில் நடத்துவது? ஒன்று முதல் ஒன்பது வரையிலான எழுத்துத் தமிழ்ப் பெயர்களில் உயிரொலிகள் 20. ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு எனத் தொடரும் தெலுங்கில் 23. எனிமிதி ஒன்றே நான்கு கொள்கின்றது, தமிழ் எட்டோ இரண்டுடன் முடிகின்றது. உயிரொலியின் எண்ணிக்கை ஒலிப்பு நேரம் ஆகாது என்பது உண்மை. கருவி கொண்டு அளந்தே அதனைத் துணிதல் வேண்டும். ஆயினும் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது இரு மொழி மதிப்பெண்களை ஒரே அட்டவணையில் இடுவது முறையன்று. சிறுவன் ஒருவன் ‘மந்தமானவன்’ எனப் பதிவேட்டில் குறிக்கப்பட ஓரிலக்கக் குறைவும் துணைபோகலாம்.

தமிழிலும் சிக்கல் தீரவில்லை. ‘இரண்டு’ என்பதா, ‘ரெண்டு’ என்பதா? ‘ஐந்து’ என்பதா, ‘அஞ்சு’ என்பதா? சோதனைத் தாளில் அரபு இலக்கங்களை மட்டும் அச்சிட்டு, ஒலிப்பைச் சோதனையாளரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டால், ஒரே சோதனை இரு பள்ளிகளில் இரு சோதனைகளாகிவிடும். எச்சொல்வடிவம் ஒலிக்கப்பட்டது, என்ன வேகத்தில், குழந்தை எம்மொழியில் விடை கூறியது என்னும் குறிப்புகள் முடிவுடன் சேர்த்து வெளியிடப்பட்டாலன்றி, அம்முடிவைப் பிறிதோர் ஊரில் மீண்டும் சோதித்துப் பார்க்க வழியில்லை.