சாக்பீஸ் கோடுகள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது எனக்குப் பிடித்த கட்டம், சுவரை வெட்டும் மெஷின் அலறுவதற்கு முந்தைய நாள்தான். எலக்ட்ரீஷியன் சாக்பீஸோடு அறை அறையாக நடப்பார். "கட்டில் எந்தப் பக்கம் வருது சார்? கதவு எப்படித் திறக்கும்?" கதவுக்குப் பின்னால் சுவிட்ச் ஒளிந்துகொண்ட வீடுகளை நிறையப் பார்த்தவரின் கேள்வி அது.

மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓடிய காலத்தில் அறைக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு பிளக் போதும். பல வீடுகளில் எர்த்தே கிடையாது. இன்று ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு. விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர், சாதாரண பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்று சுவரிலேயே கிறுக்கிவிடுகிறார். கோடுகள் செங்குத்தாக மட்டுமே இறங்குகின்றன. குறுக்கே ஓடினால், பின்னாளில் காலண்டருக்கு ஆணி அடிப்பவர் பாடு திண்டாட்டம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.க்கு, கைக்கு எட்டும் உயரத்தில் இடம்.

டைல்ஸ் நிறத்துக்கு நாள்கணக்கில் அலைபவர்கள், இந்த நடைக்கு அரை மணி நேரம்கூடத் தருவதில்லை. மிக்ஸி பாயிண்டை மட்டும் அவர் சாரிடம் கேட்பதில்லை. "அம்மா, மேடையில எங்க நின்னு அரைப்பீங்க?"