பஞ்சர் பயத்தில் வாங்கும் டயர்

ரோடு பைக்குக்கு டயர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரரும் சக ஓட்டிகளும் முதலில் சொல்வது, "இதைப் போடுங்க, பஞ்சரே ஆகாது" என்பதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை வீண் என்று தள்ளிவிட முடியாது. லாரி டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் முடிபோல மெல்லிய எஃகுக் கம்பிகள் கிடக்கும். ஊர்ப்புறச் சாலையோரங்களில் சீமைக் கருவேல முள். உடைந்த பாட்டில் எங்கும் உண்டு. 25 மி.மீ. அகல டயரைக் கவிழ்க்க இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அதனால் கான்டினென்டல் கேட்டர்ஸ்கின், ஷ்வால்பே மராத்தான் பிளஸ் போன்ற கெட்டி டயர்களைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டயர் எதற்காக இருக்கிறது என்ற கேள்வியில் பாதியைத்தான் அது கேட்கிறது.

நன்றாக உழைக்கும் டயர் என்று பாராட்டும்போது மூன்று தனித்தனிக் குணங்களை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம்: பஞ்சர் ஆகாமை, மேல் ரப்பர் மெதுவாகத் தேய்வது, பக்கச்சுவர் கிழியாமை. மூன்றும் டயரின் வெவ்வேறு பாகங்களின் வேலை. பஞ்சரைத் தடுப்பது மேல் ரப்பருக்கு அடியில் இருக்கும் பட்டை. கேட்டர்ஸ்கின்னில் அது நெருக்கமாக நெய்த இழை. அதே நிறுவனத்தின் கிராண்ட் பிரீ 5000இல் வெக்ட்ரான் என்ற செயற்கை இழை. மராத்தான் பிளஸில் 5 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் அடுக்கு. நெய்த பட்டை கண்ணாடித் துண்டின் கூர்மையைத் தாங்கிவிடும். மெல்லிய கம்பியோ இழைகளை விலக்கிக்கொண்டு நடுவே புகுந்துவிடும். கம்பிக்கு மருந்து வெறும் தடிமன்தான், அந்தத் தடிமனை ஓட்டுகிறவர்தான் சுமக்க வேண்டும். 25 மி.மீ. மராத்தான் பிளஸ் ஒன்று சுமார் 600 கிராம். அதே அகலத்தில் கிராண்ட் பிரீ 5000 சுமார் 220 கிராம். இன்னொரு தொல்லையும் உண்டு: இவ்வளவு விறைப்பான டயர் என்றைக்காவது பஞ்சரானால், அதை ரிம்மிலிருந்து கழற்றுவதற்குள் விரல் நொந்துவிடும். மாட்டும்போது லீவர் பட்டுப் புது ட்யூபும் போகலாம்.

பஞ்சர் தடுப்பு பட்டையின் வேலை என்றால், அதற்காக மேல் ரப்பர் கடினமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடினமான ரப்பர் தேய்மானத்தைக் குறைக்கத்தான். பஞ்சருக்குப் பயந்து வாங்குகிறவர், தான் கேட்காத தேய்மானச் சிக்கனத்தையும் சேர்த்து வாங்கி, அதற்குப் பிடிப்பை விலையாகக் கொடுக்கிறார்.

ரப்பர் நசுங்கி மீளும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை சுழல்கிறது. இந்த மெதுவான நசுங்கலில் இழப்பு குறைந்தால் வண்டி இலகுவாக உருளும். சாலைக் கற்களின் நுண்ணிய மேடுபள்ளங்களிலோ ரப்பர் நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிர்கிறது. அங்கே இழப்பு கூடினால்தான் பிடிப்பு கிடைக்கும். ஒன்றில் குறைத்து மற்றதில் கூட்டும் வழி 1990களின் தொடக்கத்தில் கார் டயர்களில் வந்தது: கார்பன் பிளாக்கின் பெரும்பகுதிக்குப் பதிலாக மிஷ்லின் சிலிக்காவைக் கலந்தது. நல்ல சைக்கிள் டயர்கள் பிற்பாடு அந்த வழியில் வந்தவை. உருளல், பிடிப்பு, தேய்மானம் என்ற முக்கோணத்தில் மூன்றாவது மூலை மட்டும் எளிதில் மசிவதில்லை. கேட்டர்ஸ்கின் ஈரத்தில் வழுக்குகிறது என்ற குறை ஓட்டிகளிடையே நெடுநாளாக இருப்பதில் வியப்பில்லை.

டயரில் கோடுகள் வெட்டியிருந்தால் மழையில் பிடிக்கும் என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. அகலமான கார் டயருக்கு அது உண்மை, தண்ணீர்மேல் மிதக்காமல் கோடுகள் காக்கும். விமான டயர்களை ஆராய்ந்து நாசா வகுத்த கணக்கைச் சைக்கிளுக்குப் பொருத்தினால், 80 பவுண்டு காற்றுள்ள டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்க மணிக்கு 150 கி.மீ. வேகம் வேண்டும். ரோடு பைக் டயரின் கோடுகள் பெரும்பாலும் வாங்குபவரின் மனநிறைவுக்கு.

கெட்டி டயரின் பெரிய குறை அதன் வயதில் இருக்கிறது. மென்மையான டயர் தேய்ந்து தீர்ந்துவிடும், மாற்றித்தான் ஆக வேண்டும். கெட்டி டயர் தேயவே தேயாது. பால்கனி வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் ரப்பர் இறுகிக்கொண்டே போகும், பக்கச்சுவரில் மயிரிழைபோல் வெடிப்பு தெரியும், ஆனாலும் மேலே ரப்பர் நிறைய இருக்கிறதே என்று அதைத் தூக்கிப் போட மனம் வராது. கான்டினென்டல் டயர்களின் தேய்மானக் குழிகள் எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று காட்டும், அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டாது. பாராட்டுக்குரிய நீண்ட ஆயுளின் பின்பாதியில்தான் அந்த டயர் மிக மோசமாக வழுக்கும்.

பஞ்சர் ஆனால் ட்யூபை மாற்றப் பத்து நிமிடம், பழக்கமில்லாதவருக்கு அரை மணி. அக்டோபர் மழையில் வெள்ளைக் கோட்டின்மேலோ சாக்கடை மூடியின்மேலோ முன் சக்கரம் சறுக்கினால் காறை எலும்பு முறியும். பின் சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் சறுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன், புது டயரை முன்னால் போட்டு, முன்னாலிருந்ததைப் பின்னுக்கு மாற்றச் சொன்னது இதனால்தான். நம் ஊரில் நடப்பது தலைகீழ்: சீக்கிரம் தேயும் பின் டயரை, தேய்மானத்தைச் சமப்படுத்துவதாக நினைத்து, தட்டையாகிப்போன முதுகோடு முன்னால் கொண்டுவருகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு முன்னால் பந்தய டயர், பின்னால் கெட்டி டயர் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. சமவெளிக்கு அது நல்ல ஏற்பாடு. பஞ்சர் அதிகம் ஆவது பின் சக்கரத்தில்தான். மலை இறக்கத்தில் எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் முன் டயர் திடீரென்று காற்றிழந்தால், அதன் அருமையான பிடிப்பு ஒன்றுக்கும் உதவாது. அங்கே முன் சக்கரத்துக்கு நல்ல பட்டையும் வேண்டும், மென்மையான ரப்பரும் வேண்டும். கிராண்ட் பிரீ 4 சீசன் போன்றவை அப்படிப்பட்டவை. விலை கூடுதல், தேய்வதும் சற்று வேகம். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. சீலண்ட் ஊற்றும் ட்யூப்லெஸ் டயர் சின்னத் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் நம் வெயிலில் திரவம் சீக்கிரம் உலர்வதால், மாதங்களை எண்ணி மறுபடி ஊற்றத் தெரிந்தவருக்குத்தான் அது.

காற்றைக் குறைத்தே கிடைக்கும் பிடிப்பும் உண்டு. நூறு பவுண்டு, நூற்றிருபது பவுண்டு என்று கல்லாக அடித்துவைக்கும் பழக்கம் 23 மி.மீ. காலத்தின் மிச்சம். இன்று பந்தய வீரர்களே 28 மி.மீ.க்கு வந்துவிட்டார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு அந்த அகலத்தில் 70 பவுண்டை ஒட்டியே போதும். டயர் சாலையோடு ஒட்டிப் போகும், கரடுமுரடில் துள்ளாது. பழைய சைக்கிள் சட்டங்கள் (ஃபிரேம்) பலவற்றில் 28 நுழையாது; பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே இடைவெளியை அளந்துவிட்டு வாங்க வேண்டும்.

கெட்டி டயர் யாருக்குப் பொருந்தும் என்றால், பிரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் 600 கி.மீ.யை 40 மணி நேரத்துக்குள் முடிக்க இரவு முழுவதும் நாற்கரச் சாலையில் போகிறவருக்கு. தூக்கக் கலக்கத்தில், தலைவிளக்கு வெளிச்சத்தில், கம்பியைத் தேடி எடுத்து ட்யூப் மாற்றுவது சின்ன வேலை இல்லை. காய்ந்த தார்ச்சாலையில், நேர்ப்பாதையில், பிடிப்பு குறைவது அவருக்குப் பெரிதாகத் தெரியப்போவதுமில்லை. அதே வண்டியோடு நவம்பரில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதாக இருந்தால், முன் டயரை மட்டுமாவது முந்தின நாளே மாற்றிக்கொள்ளட்டும்.