பொய் காட்டும் கருவியும் பொலிஸ் விசாரணையும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. பழமொழி நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொல்வதில்லை. ஆதலால் அதனால் பெருந்தீங்கும் விளைவதில்லை. அந்த நம்பிக்கைக்கே கம்பியும் குழாயும் பூட்டி, விஞ்ஞானம் எனப் பெயர் சூட்டிப் பொலிஸாரிடம் ஒப்படைத்தபோதுதான் தீங்கு பிறந்தது.

1921 இல் அமெரிக்காவின் பேர்க்லி நகரப் பொலிஸ் உத்தியோகத்தர் ஜோன் லார்சன் பொய் காட்டும் கருவியை அமைத்தார். இரத்த அமுக்கம், நாடித்துடிப்பு, சுவாசம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கங்களை அது காகிதத்திலே வரைந்தது. பின்னர் தோலின் வியர்வையும் சேர்ந்தது. இவை மெய்யான அளவீடுகளே. ஆனால், இவற்றுள் எதுவும் பொய்யை அளப்பதன்று. பொய்க்கு மட்டுமே உரிய உடற்குறி எதனையும் இதுவரை எவரும் நிறுவியதில்லை. அச்சமும் சினமும் நாணமும் துயரமும் அதே கோடுகளையே வரையும். குற்றமற்றவன் நடுங்குவான், நெஞ்சிறுகிய கொலைஞன் நடுங்கான். பெண்கள் பலரைக் கொன்ற கரி ரிட்ஜ்வே 1984 இல் இச்சோதனையிலே தேறினான். 2001 இலேயே மரபணுச் சான்று அவனைக் காட்டிக்கொடுத்தது.

அமெரிக்கத் தலைநகரின் மேன்முறையீட்டு நீதிமன்றம் இக்கருவியின் முன்னோடியான இரத்த அமுக்கச் சோதனையை 1923 இலேயே சான்றாக ஏற்க மறுத்தது. 2003 இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றமும் இதற்கு ஆதாரமான ஆய்வுகளிற் பெரும்பாலானவை தரங்குறைந்தவை எனக் கண்டது. அவ்வாறாயின், பொலிஸார் இதனைக் கைவிடாததேன்? உண்மையைக் கண்டறியாவிடினும் இது ஒப்புதலைப் பெற்றுத் தருகிறது. கருவியின் முடிவுக்குக் கதவடைக்கும் நீதிமன்றம், கருவியைக் காட்டிப் பெற்ற ஒப்புதலுக்குக் கதவு திறக்கிறது.

1973 இல் கனெக்டிகட் மாநிலத்தில் நிகழ்ந்தது இதுவே. வீடு திரும்பிய 18 வயது இளைஞன், தாய் கொலையுண்டு கிடக்கக் கண்டு உதவி கோரினான். பொலிஸார் அவனையே ஐயுற்றனர். போதிய நித்திரையின்றி மணிக்கணக்காக விசாரித்தனர். கருவியிலே பூட்டி, அவன் பொய்யன் என்று அது காட்டுவதாகக் கூறினர். இளைஞன் தன் நினைவையே ஐயுறத் தொடங்கினான். செய்யாத கொலையை ஒப்புக்கொண்டான். 1974 இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டான்.

அம்மாநிலத்திலே வாழ்ந்த நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் அவனுக்குத் துணை நின்றார். 1976 இல் தீர்ப்பு நீக்கப்பட்டது, வழக்கும் கைவிடப்பட்டது. அவன் வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் சாட்சியம் வழக்குத் தொடுநரின் கோவையிலேயே கிடந்தது!

சேலம் நகரச் சூனிய விசாரணைகளைப் பொருளாகக் கொண்டு 1953 இல் ‘குரூசிபிள்’ நாடகத்தைப் படைத்தவர் மில்லர். அங்கே ஒப்புக்கொண்டவர் உயிர் தப்பினர், மறுத்தவர் தூக்கிலேறினர். அன்று பேயின் பெயரால் நடந்தது, அவர் கண்முன்னே யந்திரத்தின் பெயரால் நடந்தது. கலைஞனின் பணி நாடகமேடையோடு முடிவதன்று என்பதையும் அவர் செயலால் உணர்த்தினார்.

ஒருவரின் சம்மதமின்றி இச்சோதனையை நடத்தலாகாது என 2010 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வரவேற்கத்தக்க தீர்ப்பே. ஆயினும், காவலறையிலே தனித்திருக்கும் ஏழைத் தொழிலாளியின் சம்மதம் எத்தகையது? மறுத்தால் குற்றவாளி என்பர்; இணங்கினால் அவனது அச்சமே அவனுக்கு எதிர்ச்சாட்சியாகும்.

விஞ்ஞானம் மனிதனை அச்சத்திலிருந்து விடுவிக்கப் பிறந்தது. அச்சத்தையே குற்றமாக எழுதும் கருவிக்கு அப்பெயரை வழங்க நாம் இசையலாகாது.