அக்ரிலிக் பலகையில் டாலி: எந்த அளவில் வாங்குவது?

மறைமலை நகரில் அடுக்ககம் வாங்கி, கூடத்துச் சுவரில் சர்ரியலிச ஓவியம் ஒன்றை மாட்ட நினைப்பவர்கள் அக்ரிலிக் பலகையில் அச்சிட்டதையே வாங்கலாம். ஆனால் அசல் எந்த அளவோ, அந்த அளவிலேயே வாங்க வேண்டும். சால்வடோர் டாலியின் ‘நினைவின் நீட்சி’யைப் பாருங்கள். உருகி வழியும் கடிகாரங்களோடு 1931-இல் தீட்டப்பட்டு, இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த எண்ணெய் வண்ண ஓவியம் வெறும் 24க்கு 33 செ.மீ. தான். 2க்கு 3 அடிப் பலகைக்கு அதன் நீள அகல விகிதமே ஒத்துவராது. அகலத்தைப் பொருத்தினால் உயரத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. வெட்ட வேண்டும், வெட்டாமல் இழுத்துப் பொருத்தினால் கடிகாரங்கள் பக்கவாட்டில் அகன்றுவிடும். ஏற்கெனவே நெளிந்து கிடக்கும் கடிகாரம் என்பதால் அந்தத் தவறு வாங்குபவர் கண்ணில் படாமலே போகிறது. எனக்கு வருத்தம் அதில்தான். தெளிவும் கெடும்: 1,600 பிக்சல் அகலமுள்ள படத்தை 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 44 பிக்சல்தான் தேறும். இடப்பக்கம் ஆரஞ்சுக் கடிகாரத்தை மொய்க்கும் எறும்புகள் கருப்புத் திட்டாகிவிடும். அதே படம் அசல் அளவில் 120-க்கு மேல் தரும். எறும்பு எறும்பாகவே இருக்கும்.

கையால் தீட்டிய நகலில்தான் உயிர் இருக்கும் என்பார்கள். தூரிகைத் தடம் தெரியாமல் வழவழவென்று தீட்டியவர் டாலி. பளபளப்பான பலகையில் அவர் இழப்பது குறைவு. வண்ணத்தைச் சுரண்டியும் தேய்த்தும் வேலை செய்த மாக்ஸ் எர்ன்ஸ்டுக்கு இது பொருந்தாது. மாறாக, அக்ரிலிக் வண்ணம் சட்டென்று காய்ந்துவிடுவதால், மஞ்சள் மெல்ல மெல்ல நீலமாகும் டாலியின் வானம் அவசரக் கை நகலில் பட்டை பட்டையாகத் தெரியும்.

பலகையின் எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. கார் பின்விளக்கு மூடிகளுக்குப் பயன்படும் அதே பொருள்தான் இது. கார் தொழிற்சாலையால் பெயர் வாங்கிய மறைமலை நகருக்கு அது புதிதல்ல. தூசித் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும், ஸ்பிரிட் கலந்த கிளீனர் பட்டால் மயிரிழை வெடிப்பு வரலாம். ஈரமான மைக்ரோஃபைபர் துணி போதும்.

பெரிய சுவரில் இவ்வளவு சின்னப் படமா என்ற கேள்வி நியாயமானது. சோபாவுக்கு மேலே மாட்டினால் எடுபடாதுதான். படிக்கும் மேசையருகே, கண் மட்டத்தில், பால்கனிக் கதவுக்கு நேரெதிராக இல்லாத சுவரில் மாட்டுங்கள். இரண்டடி தூரத்தில் நின்று பார்ப்பதற்கான ஓவியம் அது. வாங்குமுன் பதிப்புரிமையையும் பாருங்கள். டாலி 1989-இல் மறைந்தார். ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு என்கிறது இந்தியச் சட்டம். உரிமம் பெற்ற அச்சுதானா என்று கேட்டே பணம் கொடுங்கள். ஓவியத்தை ஒழுங்காகப் படமெடுத்த கோப்பு கிடைக்கவும் அந்த வழியில்தான் வாய்ப்பு அதிகம்.